எஞ்சின் மாற்றத்துக்கு மலிவு ரேடியேட்டரும் ஃபேனும்: எது தேறும், எது தேறாது

“4 ரோ, முழு அலுமினியம், 3000 சி.எஃப்.எம். இரட்டை ஃபேன்” என்று, காரில் வேறு எஞ்சின் இறக்குபவர் வாங்கும் ரேடியேட்டர் பெட்டி மேல் எழுதியிருந்தால், அதில் அப்படியே நம்பக்கூடியது அலுமினியம் என்ற ஒரு சொல்தான். ரோ, அதாவது தண்ணீர் ஓடும் டியூப் வரிசைகளின் எண்ணிக்கை, குளிர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண்ணோ, ஃபேனுக்கு முன்னால் ரேடியேட்டரே இல்லாமல் திறந்த வெளியில் சுற்றினால் வரும் எண். பல பெட்டிகளில் அதுகூட உண்மையில்லை.

மலிவு விலையில் கிடைப்பவை நான்கு வகை. பெயரில்லாத யுனிவர்சல் அலுமினிய ரேடியேட்டர். அதனுடன் ஷ்ரவுடும் (ஃபேன் ரேடியேட்டர் வழியாகவே காற்றை இழுக்கும்படி சுற்றி மூடும் உறை) ஃபேனும் சேர்ந்து வரும் காம்போ. பெரிய எஞ்சின் கொண்ட வேறொரு காருக்காகச் செய்த, பிளாஸ்டிக் டேங்க் வைத்த மாற்று ரேடியேட்டர். கடைசியாக, காயலாங்கடையில் கழற்றிய கம்பெனி ஃபேன். தெருவில் ஓட்டும் வண்டிக்கு மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் போடுவதுதான் சரி. குறைந்த காசில் அதைவிட நல்லது அமையாது. இடம் ஒத்துவராதபோது மட்டும் யுனிவர்சல் அலுமினியத்தைப் பார்க்கலாம். காம்போ வாங்கினால் ரேடியேட்டர் தேறும், ஷ்ரவுடும் ஃபேனும் பெரும்பாலும் தேறாது.

எவ்வளவு சூடு, எப்போது

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராங்கில் (எஞ்சினின் சுழல் தண்டில்) வேலையாக வருகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, மீதியில் பெரும்பகுதி கூலன்ட்டில் இறங்குகிறது. அதனால் எஞ்சின் தரும் சக்திக்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 100 கி.மீ. வேகத்தில் சமதரையில் சீராக ஓடும் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் போதும். 300 குதிரைசக்தி எஞ்சினை இறக்கியிருந்தாலும் அந்த ஓட்டத்தில் ரேடியேட்டருக்கு வரும் சூடு அவ்வளவுதான். “எஞ்சின் பெரிசு, ரேடியேட்டரும் மூன்று மடங்கு வேணும்” என்ற கவலை ரேஸ் டிராக்குக்கும் நீண்ட மலை ஏற்றத்துக்கும் பொருந்தும். அன்றாட ஓட்டத்துக்குப் பொருந்தாது.

ஐடிலில் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். அது 9 கிலோவாட் எரிபொருள். அதில் 3, 4 கிலோவாட் கூலன்ட்டுக்குப் போகும். பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் ஆனால் இதைப்போல இரண்டு மடங்கு. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஏ.சி.யைப் போட்டதும் கண்டென்சர் (ஏ.சி.யின் சூட்டை வெளியே விடும் பகுதி) தன் பங்குக்கு 6, 7 கிலோவாட்டை அதே காற்றில் கொட்டுகிறது, அதுவும் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு. ஆகவே ஃபேனின் தரம் தெரிவது ஏ.சி. போட்ட நெரிசலில். ரேடியேட்டரின் தரம் தெரிவது கீழ் கியரில் நீளமாக ஏறும்போது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் நெரிசலில் சூடேறும் வண்டிக்கு இன்னும் தடிமனான ரேடியேட்டர் போட்டு, சூட்டை இன்னும் கூட்டிக்கொள்கிறார்கள்.

ரேடியேட்டர்

முதலில் பார்க்க வேண்டியது கோரின், அதாவது டியூபும் ஃபின்னும் அடுக்கிய நடுப்பகுதியின், முகப்பரப்பு. அடுத்து ஃபின் (டியூபுகளுக்கு இடையே உள்ள மெல்லிய தகடு) நெருக்கம். தடிமன் கடைசி. முன்பக்கம் நுழையும் காற்று முதல் 20, 25 மி.மீ.க்குள்ளேயே கணிசமாகச் சூடாகிவிடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் டியூபுக்குக் கிடைப்பது வெந்த காற்று. தடிமன் கூடக்கூடக் காற்றுக்கு எதிர்ப்பும் கூடுகிறது, பலவீனமான ஃபேனால் அதைத் தாண்டி இழுக்க முடிவதில்லை. கார் கம்பெனிகள் 16 முதல் 32 மி.மீ. தடிமனுள்ள கோரை வைத்துக்கொண்டு ஏ.சி.யோடு வெயில் காலத்தையும் தாண்டுவது இதனால்தான். 56 மி.மீ. கோர் வேகமாக ஓடும் வண்டிக்கும், நல்ல ஃபேன் உள்ள வண்டிக்கும் உதவும். மற்றவற்றில் எடைதான் மிச்சம்.

ரோ எண்ணிக்கை ஏன் ஏமாற்று? 25 மி.மீ. அகல டியூப் இரண்டு ரோ என்றால் 50 மி.மீ. டியூப் பரப்பு. அதே தடிமனுக்குள் 4 ரோ அடைத்தால் ஒவ்வொரு டியூபும் 12 மி.மீ. அளவில்தான் இருக்கும். ரோவுக்கு ரோ விடும் இடைவெளியில் டியூப் ஃபின்னைத் தொடுவதே இல்லை. ஆக 2 ரோ பெரிய டியூப், 4 ரோ சின்ன டியூபைவிட மேல். விளம்பரப் படத்தில் ரோவை எண்ணுவதைவிட, கோரின் முகத்தில் 100 மி.மீ. உயரத்துக்குள் எத்தனை டியூப் வருகிறது, ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்று எண்ணுங்கள். மலிவுச் சரக்கில் அங்குலத்துக்கு 10 ஃபின் மட்டுமே இருப்பதும் உண்டு. 14 முதல் 18 வரை இருந்தால் நல்லது. ஃபின்னில் சின்னச் சின்னக் கீறல் போல வெட்டி மடித்த லூவர் இருக்க வேண்டும். வழவழவென்று தட்டையாக இருந்தால் எடுக்காதீர்கள்.

அளவு விஷயத்திலும் ஒரு சூது உண்டு. 31×19 அங்குலம் என்று விற்கும் கிராஸ்ஃப்ளோ (தண்ணீர் பக்கவாட்டில் ஓடும்) ரேடியேட்டரில் 31 என்பது இரண்டு டேங்கையும் சேர்த்த வெளி அகலம். உள்ளே கோர் 26×19 தான் தேறும். இரண்டு ரேடியேட்டரை ஒப்பிடும்போது கோரை மட்டும் ஒப்பிடுங்கள்.

கைக்கு வந்ததும், வண்டியில் மாட்டும் முன், ஹோஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப் ஹெடர் தட்டில் (டியூப் முனைகளைத் தாங்கும் தகட்டில்) சேரும் இடம் ஒரே உலோகமாக, ஃபர்னஸில் பிரேஸ் செய்ததாக (உலோகம் உருக்கி ஒட்டியதாக) இருக்க வேண்டும். அங்கே சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் பசை தெரிந்தால் அது எபாக்சி. சூடும் குளிரும் மாறி மாறி வர, அதிர்வும் சேர, அது ஒருநாள் விடும். டேங்க் வெல்டிங் வெளியே பார்க்க அழகாக இருந்தாலும் ஊசித் துளை இருக்கலாம். எல்லா வாயையும் ரப்பர் பிளக்கால் அடைத்து, 1 பார் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். குமிழி வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். மாட்டி, கூலன்ட் ஊற்றிய பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். வடிகால் பிளக்கின் மரையும், ஃபில்லர் கழுத்தில் மூடி உட்காரும் விளிம்பும் அடுத்து ஒழுகும் இடங்கள். கழுத்தின் ஆழம் மூடிக்குப் பொருந்தாவிட்டால் மூடி இறுகினதுபோலத் தோன்றும், அழுத்தம் நிற்காது. கூட வரும் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எஞ்சினுக்கு ஏற்ற 0.9 அல்லது 1.1 பார் மூடியை நல்ல கம்பெனியில் வாங்குங்கள். 1.1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காத மூடி அந்த 20 டிகிரிக் காப்பையும் பறித்துவிடும்.

மூடி எந்த டேங்கில் இருக்கிறது என்பதும் முக்கியம். கிராஸ்ஃப்ளோவில் அது பம்ப் உறிஞ்சும் பக்கம், அதாவது வெளியேறும் டேங்கில் இருக்க வேண்டும். உள்ளே வரும் பக்கம் இருந்தால், உயர் சுற்றில் பம்ப் தள்ளும் அழுத்தமும் சேர்ந்து மூடியைத் திறந்துவிடும். ஐடிலில் ஒழுங்காக இருந்து, வேகமாக ஓட்டினால் மட்டும் கூலன்ட் குறையும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஹோஸ் வாய்கள் எஞ்சினோடு ஒத்துப்போக வேண்டும். யுனிவர்சல் ரேடியேட்டர் பலவும் மேல் வாய் ஒரு பக்கம், கீழ் வாய் மறுபக்கம் என்று வரும். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 போன்ற எஞ்சின்களின் பல வாட்டர் பம்ப்களில் இரண்டு வாயும் ஒரே பக்கம் இருக்கும். அப்போது இரண்டு வாயும் ஒரே பக்கம் வரும் டபுள் பாஸ் (தண்ணீர் ஒருமுறை போய்த் திரும்பி வரும்) வகை தேவைப்படும், அல்லது எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே ஒரு குழாய் ஓட்ட வேண்டும். டபுள் பாஸில் தண்ணீருக்கு எதிர்ப்பு கூடுதல். இணைப்பு வசதிக்காக எடுத்தால் சரி. “இருமடங்கு குளிர்ச்சி” என்பது விற்பனைப் பேச்சு. எல்எஸ் எஞ்சினில் ஹெட்டிலிருந்து வரும் நீராவிக் குழாய் ஒன்று உண்டு. அதை அடைத்துவிடாமல் ரேடியேட்டர் டேங்கின் உச்சிக்கோ எக்ஸ்பான்ஷன் டேங்குக்கோ (சூட்டில் விரியும் கூலன்ட்டைப் பிடிக்கும் தனி டேங்க்) கொண்டுபோக வேண்டும். அதற்கான சிறு வாய் ரேடியேட்டரிலேயே இருந்தால் வெல்டிங் செலவு மிச்சம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டேங்குக்குள் ஆயில் கூலர் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவு அலுமினியத்தில் பெரும்பாலும் இருக்காது, தனியாகப் போட வேண்டும்.

பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் நிறைய. கோர் அதிலும் அலுமினியம்தான், ஃபின்னும் டியூபும் பெரும்பாலும் மலிவு யுனிவர்சலைவிட நெருக்கமானவை. நீங்கள் இறக்கும் எஞ்சினுக்குச் சமமான சக்தியும் ஏ.சி.யும் உள்ள ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, அதன் ரேடியேட்டரைப் புதிதாக வாங்குங்கள். அதே மாடலின் ஆட்டோமேட்டிக் வகைக்குப் பல சமயம் பெரிய கோர் கிடைக்கும். அந்தக் காரின் ஷ்ரவுடும் ஃபேனும் அப்படியே அதில் உட்காரும் என்பதுதான் பெரிய லாபம். பழையதை எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வெந்து நொறுங்கிவிடும், டேங்கும் கோரும் மடித்துச் சேரும் ஓரத்தில் ஒழுகும். இதன் குறை, ஹோஸ் வாயை இடம் மாற்ற முடியாது, வெப்பம் அளக்கும் சென்சருக்கு மரை வெல்ட் செய்ய முடியாது என்பது. சென்சரை ஹோஸின் நடுவில் ஒரு அடாப்டர் குழாய் போட்டுச் சமாளிக்கலாம்.

எந்த ரேடியேட்டரானாலும் கீழே ரப்பர் புஷ், மேலே ரப்பர் பிடி. போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கினால், பாடி முறுகும்போதெல்லாம் அந்த முறுக்கு டேங்க் வெல்டிங்கில் போய் இறங்கி விரிசல் விழும்.

ஃபேன்: ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்

ஒரு சின்னக் கணக்கு. ஃபேன் ஒரு நொடியில் நகர்த்தும் காற்றின் கன அளவைக் கோரின் எதிர்ப்பு அழுத்தத்தால் பெருக்கினால், காற்றுக்குப் போய்ச் சேர்ந்த வாட் கிடைக்கும். கண்டென்சரும் ரேடியேட்டரும் சேர்ந்து 150 பாஸ்கல் எதிர்ப்பு தருவதாக வைத்துக்கொள்வோம். 80 வாட் என்று எழுதிய 12 அங்குல ஒல்லி ஃபேன் 6, 7 ஆம்பியர் இழுக்கும். மோட்டாரும் இறக்கையும் சேர்ந்து 30 சதவீதத் திறன் என்றால் காற்றுக்குக் கிடைப்பது 24, 25 வாட். அதை 150 ஆல் வகுத்தால் நொடிக்கு 0.16 கன மீட்டர், அதாவது 350 சி.எஃப்.எம். பெட்டியில் 1500 என்று இருக்கும். கண்டென்சரின் 7 கிலோவாட்டை இந்தக் காற்றில் ஏற்றினால் காற்றின் சூடு 35 டிகிரிக்கு மேல் கூடும். வெளியே 38 டிகிரி என்றால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது 75 டிகிரிக் காற்று. அதை வைத்து 90 டிகிரிக் கூலன்ட்டை எப்படி ஆற்றுவது?

300 வாட் ஃபேன், 35 சதவீதத் திறன் என்று அதே கணக்கைப் போட்டால் 0.7 கன மீட்டர், ஏறக்குறைய 1480 சி.எஃப்.எம். காற்றின் சூடு 9 டிகிரி மட்டும் கூடும். காற்று கூடும்போது எதிர்ப்பும் கூடும் என்பதால் இந்த எண்களை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஏ.சி. உள்ள வண்டிக்கு மொத்தம் 20 ஆம்பியருக்குக் குறைவாக இழுக்கும் ஃபேன் செட் எதையும் வாங்க வேண்டாம். குறைந்த கரண்டில் அதிகக் காற்று என்று விற்றால் அது இயற்பியலுக்கே புறம்பு.

இந்த அளவுகோலில் காயலாங்கடை ஃபேன்கள்தான் முன்னால் நிற்கின்றன. ஃபோர்டு டாரஸின் 18 அங்குல இரட்டை வேக ஃபேன், லிங்கன் மார்க் 8 காரின் ஃபேன் இரண்டும் எஞ்சின் மாற்றுபவர்கள் வட்டாரத்தில் பிரபலம். முழு வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், முழுக் கோரையும் மூடும் ஷ்ரவுடோடு வரும். ஒரே குறை தடிமன். மோட்டார் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இடம் குறைவானால் ஃபோர்டு கான்டூரின் இரட்டை ஃபேன் போன்றவை ஒல்லி, காற்றும் மோசமில்லை. காயலாங்கடையில் வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பேட்டரியில் நேரே கொடுத்து, கிளாம்ப் மீட்டரில் கரண்டைப் பாருங்கள். சுற்றாமல் முனகினாலோ, கரண்டு மிக அதிகமானாலோ விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் ஸ்பால் போல, எந்த எதிர்ப்பு அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்ற வரைபடத்தையே வெளியிடும் கம்பெனியாகப் பாருங்கள். வரைபடம் தராத கம்பெனியின் சி.எஃப்.எம். எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத) ஃபேன் அருமையான பொருள், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும். ஆனால் ஈ.சி.யூ.வில் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில்) பி.டபிள்யூ.எம். (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்) வெளியீடு இல்லையென்றால் அதற்கென்று ஒரு கன்ட்ரோலர் தேவை. அதோடு அது மலிவுப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும்.

ஷ்ரவுட் இல்லாத ஃபேனைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 16 அங்குல ஃபேனின் வட்டப் பரப்பு 201 சதுர அங்குலம். 26×19 கோரின் பரப்பு 494. மீதி 60 சதவீதக் கோர் ஐடிலில் சும்மா நிற்கும். ஷ்ரவுட் கோரை ஒட்டிப் படுத்திருந்தாலும் இதே கதை. கோருக்கும் ஷ்ரவுடின் பின்சுவருக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ., முடிந்தால் 50 மி.மீ. இருந்தால்தான் மூலையிலிருந்தும் காற்று வந்து சேரும். காம்போவில் வரும் தட்டையான அலுமினியத் தகடு பெரும்பாலும் இங்கே தோற்கிறது. வேகத்தில் போகும்போது அந்தத் தகடே காற்றை மறிக்கும். அதற்கு ஷ்ரவுடில் சதுரத் துளை வெட்டி, பின்பக்கம் ரப்பர் பட்டையைத் தொங்கவிட்டால், வேகத்தில் திறக்கும், ஃபேன் இழுக்கும்போது மூடிக்கொள்ளும். சோதிக்க ஒரு காகிதம் போதும்: ஃபேன் ஓடும்போது கோரின் முன் நான்கு மூலையிலும் காகிதம் ஒட்டி நிற்க வேண்டும்.

கோரின் ஊடே பிளாஸ்டிக் டை நுழைத்து ஃபேனைக் கட்டும் முறையைத் தவிருங்கள். அதிர்வில் அது டியூபை அறுத்துவிடும். ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துத் தள்ளவிடுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஃபேன் மோட்டாருக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் இடையே 20, 25 மி.மீ. விடுங்கள். பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முன்னால் ஆடும்.

ஒயரிங், ஹோஸ், காற்று வழி

25 ஆம்பியர் ஃபேனுக்கு 6 சதுர மி.மீ. ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 40 ஆம்பியர் பியூஸ், தரமான 40 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்). 35 ஆம்பியர் இழுக்கும் டாரஸ் வகைக்கு 70 ஆம்பியர் ரிலேவும் அதற்கேற்ற பெரிய பியூஸும் ஒயரும் போட வேண்டும், ஏனென்றால் தொடங்கும் நொடியில் கரண்டு பல மடங்கு எகிறும். ரிலேயில் 30ஆம் முனை பியூஸ் வழியே பேட்டரிக்கு, 87 ஃபேனுக்கு, 86 சாவி போட்டால் வரும் பாசிட்டிவுக்கு, 85 ஈ.சி.யூ. தரும் எர்த்துக்கு. எர்த் ஒயரும் அதே தடிமனில் பாடிக்கோ பேட்டரிக்கோ போக வேண்டும், ரேடியேட்டர் பிடியில் கட்டக் கூடாது. மெல்லிய ஒயரில் 1.5 வோல்ட் இழந்தால் பத்தில் ஒரு பங்கு காற்று போய்விடும். இரண்டு ஃபேன் இருந்தால் தனித்தனி ரிலே போட்டு, ஒன்று தொடங்கி சில நொடி கழித்து மற்றது தொடங்கும்படி செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் ஐடிலில் அதன் மேல் எழுதிய ஆம்பியரில் பாதியைக்கூடத் தராமல் இருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிட்டில் வரும், ஃபின்னுக்குள் குத்தும் சென்சர் வேண்டாம். அது அளப்பது காற்றும் உலோகமும் கலந்த ஏதோ ஒன்று. தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) ஹவுசிங்கில் மரை போட்ட சென்சர், அல்லது ஈ.சி.யூ.வின் சொந்தச் சென்சர். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 95இல் ஃபேன் ஓட, 90இல் நிற்க என்று வையுங்கள். நிற்கும் வெப்பம் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்குக் கீழே இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது.

கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். மெல்லியதாக இருந்தால் உயர் சுற்றில் சப்பையாகிவிடும். உள்ளே ஸ்பிரிங் உள்ளது அல்லது கெட்டியான, அச்சில் வார்த்த ஹோஸ் போடுங்கள். மடிப்பு மடிப்பாக வளையும் யுனிவர்சல் ஹோஸ் மலிவுதான். விளிம்பில் சரியாக இறுகாமல் ஒழுகும். வேறு கார்களின் வார்த்த ஹோஸை வாங்கி, வேண்டிய வளைவை வெட்டி எடுப்பது நல்லது. வெட்டிய குழாய் முனையில் ஹோஸ் நழுவாமல் பிடிக்க ஒரு மேட்டு விளிம்பு இருக்க வேண்டும்.

ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் பட்டையோ தகடோ வைத்து அடைப்பது இந்த மொத்த வேலையிலேயே மலிவானது, பலரும் விட்டுவிடுவதும் அதுவே. காற்று எளிதான வழியில்தான் போகும். கோருக்குப் பக்கத்தில் மூன்று விரல் இடைவெளி இருந்தால் கோருக்குள் ஏன் நுழையப்போகிறது? நெரிசலில் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்று அதே சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி கோருக்குள் போகும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள ஓரங்களையும் அடையுங்கள். கழற்றிய அடித்தட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

ஊற்றி, ஓட்டிப் பார்க்கும்போது

பழைய எஞ்சினை முதலில் நன்றாகக் கழுவுங்கள். அதில் யாராவது ஒழுகல் அடைக்கும் மருந்து ஊற்றியிருந்தால் அது புது ரேடியேட்டரின் மெல்லிய டியூபில் போய்ப் படியும். ஊற்றும் வாய் எஞ்சின் ஹெட்டைவிட உயரமாக இல்லாவிட்டால் உயரமான இடத்தில் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தே ஆக வேண்டும். டிஸ்டில்டு வாட்டரும் அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டும் பாதிப் பாதி. ஹீட்டரை நீக்கியிருந்தால், தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே வரும் பக்கம் இருக்கும் எஞ்சினில் அந்த இரண்டு வாயையும் அடைக்காமல் ஒரு ஹோஸால் வளைத்து இணைப்பது பாதுகாப்பு.

சூடேறினால் எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. ஐடிலில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், ஷ்ரவுட், காற்று திரும்பி வருவது. வேகத்தில் மட்டும் ஏறினால் கோர் போதவில்லை, அல்லது கீழ் ஹோஸ் சப்பை, அல்லது காற்று வெளியேற வழியில்லை. தொடங்கிய சில நிமிடத்திலேயே எகிறினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) போயிருக்கிறது. தெர்மோஸ்டாட் முழுதும் திறந்த பிறகு மேல், கீழ் வாய்களை வெப்பமானியில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 முதல் 8 டிகிரி என்றால் இயல்பு. 15க்கு மேல் இருந்தால் தண்ணீர் ஓட்டம் குறைவு. 2, 3 டிகிரிதான், ஆனாலும் எஞ்சின் கொதிக்கிறது என்றால் காற்று போதவில்லை.

முதல் முறை சூடாகி ஆறியதும் எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ரேடியேட்டர் உலோகத்தைத் தொடாமல் கூலன்ட்டுக்குள்ளும் வைத்து, ஃபேன் ஓடும்போது அளவு எடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3ஐத் தாண்டினால் எங்கோ ஒரு எர்த் கூலன்ட் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் புது அலுமினியக் கோர் சில மாதத்திலேயே பொத்துவிடும்.